பாட்டைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள்: கடற்கரைக் குரலைக் கைபேசியில் பதிவு செய்ய ஒரு வழிகாட்டி

"எனக்குப் பாடவெல்லாம் தெரியாதுப்பா."

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை, ராமநாதபுரம் கடற்கரையில் எந்த ஊரில் போய் கைபேசியை நீட்டினாலும் முதலில் வரும் பதில் இதுதான். சொன்னவரே கொஞ்ச நேரம் கழித்து, வலையில் சிக்கிய நண்டின் காலை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டே, பக்கத்து வீட்டுக்காரியைக் கிண்டல் செய்து இரண்டு வரி இழுத்துப் பாடுவார். அது பாட்டு என்று அவருக்குத் தோன்றியிருக்காது. வேலையோடு வருவதற்கெல்லாம் தனிப்பெயர் எதற்கு என்பது போல இருப்பார்.

சில வருடங்களாக இந்தக் கரையில் குரல்களைப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் நிறைய வீணாக்கினேன். புதிதாக இறங்குகிறவர்கள் அதே தப்பைச் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். உங்கள் இலக்கு சின்னதாக இருக்கட்டும்: உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் குரலில், ஐந்து நிமிட ஒலிக்கதை ஒன்று. அப்புறம் அதை ஒட்டி நீங்களே கட்டிய நாலு வரி. ஒரு மாதத்தில் முடித்துவிடலாம்.

முதலில் கையில் என்ன வேண்டும்

கைபேசி, காதில் மாட்டும் ஒயர் வைத்த இயர்போன், பவர் பேங்க், ஒரு நோட்டு, ஒரு பெரிய துண்டு. மைக் வாங்க வேண்டாம். முதல் பத்துப் பதிவு முடியும்வரை அந்தப் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

கைபேசியில் இருக்கும் ரெக்கார்டர் செயலியே போதும். அமைப்பில் தரத்தைக் கூட்ட வழியிருந்தால் கூட்டிக்கொள்ளுங்கள். சுருக்காத வேவ் (WAV) கோப்பாகச் சேமிக்க முடிந்தால் நல்லது. ஒற்றை மைக் பதிவு நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 எம்பி பிடிக்கும், ஒரு மணி நேரத்துக்கு 300 எம்பி. போவதற்கு முந்தைய நாளே இடம் காலி செய்து வையுங்கள். பதிவைத் தொடங்கும் முன் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். ஒரு பெரியவர் தன் தகப்பனாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கடன் கொடுக்கிற கம்பெனியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பதிவு நின்றது, பேச்சும் நின்றது. அவர் மறுபடி அந்த இடத்துக்கு வரவே இல்லை.

காற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் கரையில் பதிவு செய்கிறவனுக்கு முதல் எதிரி காற்று. அலைச் சத்தம் பரவாயில்லை, கேட்பவர் காது அதை ஏற்றுக்கொள்ளும். காற்று அப்படியில்லை. மைக் துளையில் நேராக மோதும்போது 'படபட'வென்று ஒரு இரைச்சல் வரும். அதை எந்தச் செயலியாலும் முழுதாக எடுக்க முடியாது, எடுத்தால் குரலும் சேர்ந்து கிழியும்.

கடற்கரைக்காரர்கள் காற்றைப் பெயர் சொல்லித்தான் பேசுவார்கள்: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கம் கடலுக்கும் இரண்டு பெயர் உண்டு, வடகடல், தென்கடல். வடகடல் என்பது பாக் நீரிணைப் பக்கம், தென்கடல் மன்னார் வளைகுடாப் பக்கம். தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் மாதங்களில், அதாவது ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை, தென்கடல் கொதிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை திரும்பினால் நிலைமை தலைகீழ். காற்றுப் பார்த்துத் தொழிலுக்குப் பக்கம் மாறுகிற குடும்பங்கள் உண்டு. நீங்களும் அப்படியே மாறிக்கொள்ளுங்கள். தீவில் இருந்தால் அடங்கின கடல் பக்கமாகப் போய் உட்காருங்கள். ஒரு ஆட்டோ தூரம்தான்.

அப்புறம் நேரம். காலையில் காற்று சாதுவாக இருக்கும், மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும். காலையில் ஆள் கிடைக்காது, சாயங்காலம்தான் ஓய்வு என்றால், கரையேற்றி வைத்திருக்கும் வத்தைப் படகின் மறைவிலோ வலைக் கொட்டகைக்குள்ளோ காற்றுக்கு முதுகு காட்டி உட்காருங்கள். இருவரும் தரையில் உட்கார்ந்தால் இன்னும் நல்லது, மணலுக்குப் பக்கத்தில் காற்று வேகம் குறைவு. துண்டை எடுத்துக் கைபேசியைச் சுற்றிக் கூடாரம் மாதிரி தளர்வாகப் போடுங்கள். துணி மைக்கைத் தொடக் கூடாது. இடையில் ஒரு விரல் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில் அசையாமல் நிற்கும் காற்றுதான் மைக்கைக் காப்பாற்றுகிறது. நான் முதலில் துணியை இறுக்கிச் சுற்றி வைத்தேன். காற்றுச் சத்தத்தோடு துணி உரசும் சத்தமும் கிடைத்தது.

பேசுகிறவர் வாயிலிருந்து ஒரு சாண் தூரம், நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில். நேரே வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் குண்டு வெடிக்கும். பத்து விநாடி பதிவு செய்து, இயர்போனில் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அவசரத்தில் நாம் விட்டுவிடுவது இதைத்தான்.

யாரிடம், எப்போது போவது

உங்கள் வீட்டிலிருந்தே தொடங்குங்கள். அப்பத்தா, அம்மாச்சி, மாமா. அவர்களிடம் கேட்டதில்லை என்பது நமக்கே ஆச்சரியமாக இருக்கும்.

வெளியில் என்றால் அவர்கள் வேலை நாளைத் தெரிந்துகொண்டு போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆண்கள் கரையில் வலை பொத்திக்கொண்டிருப்பார்கள், பேச்சுக்கு ஏங்கியும் இருப்பார்கள். வருமானம் இல்லாத மாதங்கள் அவை என்பதையும் மறக்க வேண்டாம். ராமேஸ்வரத்தில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் கடலுக்குப் போகும் நாட்கள் தனித்தனி, கேட்டுக்கொண்டு போங்கள். கடல்பாசி எடுக்கும் பெண்களிடம் போக நினைத்தால் நீர் வற்றும் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், அன்றைக்குத்தான் அவர்களுக்குக் கூலி. தங்கச்சிமடத்தில் ஞாயிறு பூசை முடிந்து, கீழக்கரையில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பாடும் ஆன பிறகு, என்று ஊருக்கு ஒரு நேரம் உண்டு.

போனதும் கைபேசியை எடுக்காதீர்கள். வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொடுங்கள். காரல் மீன் பொறுக்கிக் கொடுங்கள்.

எப்படிக் கேட்பது

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"ஒரு பாட்டுப் பாடுங்க" என்று கேட்டால் சினிமாப் பாட்டு வரும், இல்லையென்றால் வெட்கம் வரும். "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்றால் மேடைப் பேச்சு வரும். வேலையைக் கேட்டால் பாட்டும் வரும், கதையும் வரும், கோபமும் வரும்.

கீழக்கரையில் ஒரு முதியவரிடம் தாலாட்டுக் கேட்கப் போயிருந்தேன். நானும் அவர் பேத்தியும் மாறி மாறிக் கேட்டோம். "எல்லாம் மறந்துபோச்சு வாப்பா" என்றார். மூன்று வார்த்தை வரும், நின்றுவிடும். அந்த நேரம் உள் அறையில் தொட்டில் குழந்தை சிணுங்கியது. பேத்தி ஏதோ வேலையாக எழுந்திருக்கவில்லை; இவரே போய்த் தொட்டில் கயிற்றைப் பிடித்தார். கை இரண்டு தடவை முன்னும் பின்னும் போயிருக்கும். மூன்றாவது ஆட்டத்தில் கலிமாவோடு பாட்டு எழுந்தது. பதினோரு நிமிடம். குழந்தையின் பேர், அதன் மாமன்மார் பேர், கப்பலில் போனவர், கொழும்பிலிருந்து வரவேண்டிய சாமான் எல்லாம் வரிசையாக வந்தன. அந்தக் குழந்தையின் பேர் பழைய பாட்டில் எப்படி வரும்? அந்த இடத்திலேயே கட்டியதுதான். "மறந்துபோச்சு" என்றவர் பொய் சொல்லவில்லை. பாட்டு அவர் கைக்குத்தான் நினைவிருந்தது.

அதனால் கைக்கு வேலை கொடுத்துவிட்டுக் கேளுங்கள். வலை ஊசியும் நூலும் கையில் இருக்கட்டும், சுளகு இருக்கட்டும், தொட்டில் இருக்கட்டும். கேள்வியும் கையைப் பற்றியதாகவே இருக்கட்டும். "இந்தக் கண்ணியை ஏன் இப்படி முடிச்சுப் போடுறீங்க? யார் சொல்லிக்கொடுத்தா? சரியா வராட்டி அவங்க என்ன சொல்லித் திட்டுவாங்க?" அந்தத் திட்டைக் கேட்டுப் பாருங்கள். அதிலேயே உவமை, எதுகை எல்லாம் இருக்கும்.

பாசிப் பெண்களிடம் மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்ற மூன்று வகைப் பாசியையும் கையால் தடவியே எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பீர்கள் என்று கேளுங்கள். ஏலக்காரரிடம் ஏலம் கூறும் வேகத்தை எப்படிப் பழகினார் என்று கேளுங்கள். "ஒருதரம், ரெண்டுதரம்" என்று அவர் செய்து காட்டும்போது கூட்டம் கூடிவிடும். கீழக்கரையில் இன்னொன்று. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் அங்கே வேரூன்றிய வழக்கம். மார்க்க அறிஞர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அதில் நிறைய எழுதிய ஊர் அது. வீட்டில் பழைய அரபுத்தமிழ் ஏடோ நோட்டோ இருந்தால், அதை வாசிக்கத் தெரிந்த மூத்தவரை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எழுத்தை அப்புறம் யாராவது படித்துக்கொள்ளலாம், அந்த ராகத்தை அவர்தான் தர வேண்டும்.

துயரமான விஷயங்களுக்கும் இதே வழிதான். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது. அன்று பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. "புயல் எப்படி இருந்தது?" என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் அதே நாலு வாக்கியம் வரும், பலமுறை சொல்லித் தேய்ந்தது. "அன்னைக்கு ராத்திரி வீட்ல என்ன சமைச்சிருந்தாங்க?" என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும். அந்த மௌனத்தை நிரப்பப் பார்க்காதீர்கள். பேச்சு வராவிட்டால் அத்தோடு விட்டுவிடுங்கள், மறுநாள் போய் நலம் விசாரியுங்கள்.

ஒப்பாரியை வீட்டுக்குள் பாடச் சொல்லிக் கேட்காதீர்கள். சாவு விழாத வீட்டில் பாடினால் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். கடற்கரைக்கு வந்து பாடுகிறேன் என்று சொன்னவர்களும் உண்டு, மாட்டேன் என்றவர்களும் உண்டு. இரண்டுக்கும் தலையாட்டுங்கள்.

சம்மதம்

பதிவு ஓடும்போதே கேளுங்கள்: "இதை நாலு பேர் கேட்கிற மாதிரி வெளியே விடலாமா? உங்க பேரைச் சொல்லலாமா?" பதிலும் அந்தக் கோப்பிலேயே இருக்கட்டும்.

நம் கரைக்கென்று கூடுதல் கவனம் ஒன்று வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. தீவுப் பக்கம் போனேன், இன்னதை எடுத்தேன் என்று ஒருவர் இயல்பாகச் சொல்லிவிடுவார். அது நாளை அவருக்கே வினையாகலாம். எல்லை தாண்டியது, பிடிபட்டது, பிடிக்கத் தடையுள்ள கடல் அட்டை, இந்தப் பேச்சுகளும் அப்படித்தான். சம்மதம் கொடுத்திருந்தாலும் அந்தப் பகுதியைத் திரும்பப் போட்டுக் காட்டி, "இதை விடவா, எடுக்கவா?" என்று தனியாகக் கேளுங்கள். சந்தேகமாக இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரு நல்ல பதிவுக்காக ஒரு வீட்டுக்குச் சங்கடம் வரக் கூடாது.

கிளம்பும் முன் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். பின்னால் வெட்டி ஒட்டும்போது இடைவெளியில் போட அது வேண்டும்.

நோட்டில் எழுதுவது

அன்றைக்கு ராத்திரியே கேட்டு எழுதுங்கள். சொன்னதைச் சொன்னபடி. அவர் "வாறாக, போறாக" என்றால் அப்படியே. நாம் படித்த தமிழுக்குத் திருத்தினால் சொன்னவர் காணாமல் போய்விடுவார்.

நோட்டின் பின்பக்கத்திலிருந்து சொல் பட்டியல் ஒன்றும் எழுதி வாருங்கள். படகின் சொந்தக்காரருக்குச் சம்மாட்டி, தள்ளிவிடும் பொடிமீனுக்குச் சங்காயம், கடல் பசுவுக்கு ஆவுளியா. ஒரே மீனுக்கு அடுத்த ஊரில் வேறு பேர் இருக்கும். இரண்டையும் எழுதி, எந்த ஊர் என்றும் குறியுங்கள்.

கோப்புக்குப் பேர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள், ஊர், வேலை என்ற வரிசையில் வையுங்கள். 'பாட்டி புதுசு 2' என்று வைத்தால் ஆறு மாதத்தில் உங்களுக்கே தெரியாது. இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள், ஒன்று கைபேசிக்கு வெளியே. வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் சுருக்கித் தரத்தைக் குறைத்துவிடும். டாக்குமென்ட் என்று இணைத்து அனுப்புங்கள்.

உங்கள் நாலு வரி

இந்தப் படியை நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். "நான் சேகரிக்கத்தானே வந்தேன்" என்பார்கள். ஆனால் இந்தப் பாட்டுகளைக் கட்டியவர்களும் நம்மைப் போல வேலைக்குப் போனவர்கள்தானே. நீங்களும் ஒரு தடவை கட்டிப் பார்த்தால்தான் அவர்கள் செய்தது என்ன என்று புரியும், கேட்கும் காதும் கூர்மையாகும்.

அம்பாப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். துடுப்புப் போடவும் கரைவலை இழுக்கவும் பாடுவது. ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ, ஐலசா என்று வாங்கிக்கொள்வார்கள். எஞ்சின் வந்த பிறகு துடுப்புப் பாட்டுக்கு இடம் குறைந்துபோனது. கரைவலை இழுக்கும் இடங்களில் இன்னும் காதில் விழும். அடி எடுப்பவர் பழைய வரியைப் பாதி பாடுவார், மீதியை அங்கேயே சேர்ப்பார். சம்மாட்டியின் கஞ்சத்தனம் வரும், சாமி வரும், அன்றைக்கு வேலைக்கு வராதவன் பேரும் வரும்.

நான் முதலில் எழுதிக் கொண்டுபோன வரியில் நீலக்கடலும் தாலாட்டும் அலையும் இருந்தன. கயிற்றில் நின்ற பெரியவர் ஒருவர் ஒருதரம் பாடிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா இதுக்குக் கை இழுக்காது" என்றார். பிறகு என்னையும் கயிறு பிடிக்கச் சொன்னார். பிடித்த பிறகுதான் தெரிந்தது. ஒரு அடி என்பது, உடம்பைப் பின்னால் சாய்த்து இரண்டு எட்டு வைக்கிற நேரம். மூச்சு அவ்வளவுதான் இருக்கும். அழுத்தம் விழும் எழுத்தும் குதிகால் மணலில் பதியும் கணமும் ஒன்றாக வர வேண்டும். கடைசியில் நிற்பவர் கயிற்றை விட்டு முன்னால் ஓடிவந்து மறுபடி பிடிப்பாரே, அந்த இடைவெளிக்குத்தான் ஏலேலோ. நீண்ட சொல் போட்டால் பாதியில் மூச்சு அறும்.

அன்று சாயங்காலம் திருத்தி எழுதியது இது:

தென்கடலு கொதிக்குதடா – ஏலேலோ
வடகடலு வாவாங்குது – ஐலசா
வாங்கின கடன் வாசலிலே – ஏலேலோ
வாற மீனு ஆழத்திலே – ஐலசா

பெரிய பாட்டு ஒன்றும் இல்லை. இதற்குக் கை இழுத்தது. மூன்றாவது அடியில் பக்கத்தில் நின்றவர் சிரித்தார். அவருக்கும் கடன் இருந்தது.

உங்கள் வேலை வேறாக இருக்கலாம். கடைக்கணக்கு எழுதுகிறவர், பஸ்ஸில் ராமநாதபுரத்துக்குக் கல்லூரி போகிறவர், மண்டபத்தில் டீ ஆற்றுகிறவர். உங்கள் உடம்பு எந்தத் தாளத்தில் அசைகிறது என்று ஒரு நாள் பாருங்கள். டீ ஆற்றுகிறவருக்குத் தாளம் கையிலேயே இருக்கிறது. அந்த நீளத்துக்கு ஒரு அடி கட்டுங்கள். அழகான சொல்லைத் தேடாமல், அன்றைக்கு மனதில் கிடந்து உறுத்தும் ஒன்றைப் போடுங்கள். நாலு அடி ஆனதும் வேலை செய்துகொண்டே பாடிப் பதிவு செய்யுங்கள்.

ஐந்து நிமிடமாக்குவது

நாற்பது நிமிடப் பதிவிலிருந்து ஐந்து நிமிடம் எடுக்க வேண்டும். கணினி இருந்தால் ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டி ஒட்டும் மென்பொருள் இலவசம். இல்லையென்றால் கைபேசியிலேயே வெட்டும் செயலிகள் உண்டு. வேலையின் சத்தத்தில் தொடங்குங்கள், வலை உதறுவது, தொட்டில் கயிறு கிறீச்சிடுவது. பிறகு குரல். உங்கள் கேள்விகளை முடிந்தவரை எடுத்துவிடுங்கள். அவர் மூச்சையும் யோசிக்கும் இடைவெளியையும் எடுக்காதீர்கள். பின்னணியில் சினிமா இசை வேண்டாம். அவர் குரலுக்கு அது தேவையும் இல்லை, உரிமைச் சிக்கலும் வரும். உங்கள் நாலு வரியைக் கடைசியில் வையுங்கள்.

பாம்பனில் 2016-ல் மீனவர்களுக்காகவே கடல் ஓசை என்ற சமுதாய வானொலி, 90.4 அலைவரிசையில் தொடங்கியது. இந்த வட்டாரத் தமிழை அப்படியே ஒலிபரப்பலாம் என்ற தைரியம் எனக்கு அதைக் கேட்டுத்தான் வந்தது. உங்கள் ஊர் கோயில் திருவிழா மைக் செட்டிலோ, சர்ச் மண்டபத்திலோ, குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ போட்டாலும் போதும்.

அதற்கு முன்னால், யார் குரலோ அவரிடம்தான் முதலில் போட்டுக் காட்ட வேண்டும். நண்டு வலைக்கார அம்மாவிடம் நான் போட்டுக் காட்டியபோது, "இந்த இடத்துல தப்பாச் சொல்லிட்டேன், நிப்பாட்டு" என்றார். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டார். அவர் வேறு மாதிரி பாடிக் காட்டினார். மூன்றாவதாக ஒருவர் வந்து இரண்டுமே தப்பு, எங்க அம்மாச்சி இப்படித்தான் பாடும் என்று தொடங்கினார். அரை மணி நேரம் மூவரும் மாறி மாறிப் பாடினார்கள். என் கைபேசியில் நாலு சதவீதம் சார்ஜ்தான் இருந்தது, முதல் பாட்டின் பாதிதான் கிடைத்தது. போட்டுக் காட்டப் போகும் நாளிலும் முழுச் சார்ஜோடு, பவர் பேங்கையும் துண்டையும் எடுத்துக்கொண்டே போங்கள்.